பணிநாள், ஓய்வுநாள் சுழற்சியில் லாரி ஓட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்னிரண்டு ஆண்டுகள் இந்த முறையில் வண்டி ஓட்டினேன். இப்போது புதிதாகச் சேருகிறவர்களுடன் முதல் சில ஷிஃப்டுகளில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறேன். முதல் லோடு ஏறி முடிவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும். ஆள் மாறுகிறார், கேள்வி மாறுவதில்லை. வீட்டில் இருப்பவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் சொற்களிலேயே அவற்றை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

ஏழுக்கு ஏழு, பதினான்குக்கு ஏழு என்கிறார்களே, அப்படியென்றால் என்ன?

முதல் எண் தொடர்ந்து வேலை செய்யும் நாட்கள். இரண்டாவது எண் தொடர்ந்து ஓய்வில் இருக்கும் நாட்கள். ஏழுக்கு ஏழு என்றால் ஏழு நாள் வண்டி, ஏழு நாள் வீடு. இரண்டும் சேர்ந்தது ஒரு சுற்று. வேலை நாட்களில் பெரும்பாலும் 12 மணி நேர ஷிஃப்ட் இருக்கும்.

தினமும் வீட்டுக்குப் போய்வர முடியாத இடங்களில் வேரூன்றிய முறை இது. மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பாராவில் இரும்புத்தாது சுமக்கும் டிப்பர்கள், கனடாவின் ஆல்பர்ட்டாவில் எண்ணெய் மணல் சுமக்கும் டிப்பர்கள் என ஆள் ஓட்டும் வண்டிகள் பலவும் இப்படித்தான் இரவும் பகலும் நிற்காமல் ஓடுகின்றன. ஓட்டுநர் முகாமில் தங்கி, நாட்களை மொத்தமாகக் கொடுத்து மொத்தமாகத் திரும்ப வாங்கிக்கொள்கிறார். நெடுஞ்சாலைச் சரக்கு லாரிகளிலும் இது உண்டு. அமெரிக்காவில் நீண்ட தூரம் ஓட்டுகிறவர்களிடையே, வெளியே இருந்த ஒவ்வொரு வாரத்துக்கும் ஒரு நாள் வீடு என்ற கணக்கு பரவலாக இருக்கிறது. அதுவும் சுழற்சிதான், ஆனால் மிகக் கடுமையான வடிவம்.

மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருந்துகொண்டு முழுச் சம்பளமா? நம்ப முடியவில்லையே.

கணக்குப் போட்டுப் பாருங்கள், நம்பலாம். ஏழுக்கு ஏழில் ஒரு சுற்றுக்கு 84 மணி நேரம் வேலை. அதை இரண்டு வாரத்துக்குப் பிரித்தால் வாரம் 42 மணி. எட்டுக்கு ஆறில் 14 நாளுக்கு 96 மணி, வாரம் 48. பதினான்குக்கு ஏழில் மூன்று வாரத்துக்கு 168 மணி, அதாவது வாரம் 56. ஆண்டுக்கு எத்தனை நாள் வண்டியில் என்று பார்த்தால் ஏழுக்கு ஏழில் சுமார் 182, எட்டுக்கு ஆறில் 208, பதினான்குக்கு ஏழில் 243. ஆகவே பாதி மாதம் சும்மா இருந்து சம்பளம் வாங்குகிறோம் என்று யாராவது சொன்னால் தலைகுனிய வேண்டாம். ஓய்வுநாள் ஒவ்வொன்றுக்கும் உரிய உழைப்பை முன்னதாகவே கொடுத்துவிட்டீர்கள்.

வேலையில் சேரும் முன் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சம்பளம் வேலை செய்த நாளுக்கு மட்டும் வருமா, ஆண்டு முழுவதும் சமமாகப் பிரித்து வருமா என்பது ஒன்று. முகாமுக்குப் போய்வரும் பயண நாள் யாருடைய கணக்கில் சேரும் என்பது மற்றொன்று. இரண்டாவதைப் பலர் கேட்காமல் விட்டுவிடுகிறார்கள். நிறையப் பேர் ஏமாறுவது அங்கேதான்.

எந்தச் சுழற்சி நல்லது?

பயணத் தூரத்தைச் சொல்லாமல் இந்தக் கேள்விக்குப் பதில் இல்லை. போக ஒரு நாள், வர ஒரு நாள் உங்கள் ஓய்வில் கழிகிறது என்று வைத்துக்கொள்வோம். வந்த பிறகு தூக்கத்தை மீட்க ஒரு நாள். ஏழுக்கு ஏழில் மிஞ்சுவது நான்கு நாள்தான். பதினான்குக்குப் பதினான்கில் அதே மூன்று நாளைக் கழித்தாலும் பதினொன்று மிஞ்சும். வீடு இரண்டு மணி நேரத் தூரத்தில் இருந்தால் குறுகிய சுற்று நல்லது. உடம்பில் களைப்பு அதிகம் சேராது. தூரமானால் நீண்ட சுற்று லாபம், ஆனால் பத்தாவது நாளுக்குப் பிறகு உங்கள் கவனம் எப்படி இருக்கிறது என்பதை நேர்மையாகப் பார்க்க வேண்டும்.

வேலை நாளும் ஓய்வு நாளும் சமமாக இருக்கும் சுழற்சியையே நான் எல்லோருக்கும் சொல்வேன். இளம் வயதில் பதினான்குக்கு ஏழை விரும்பி எடுத்தேன், பணம் கூடுதல் என்பதால். இரண்டு ஆண்டுகள் கழித்து நானே மாற்றிக் கேட்டேன்.

ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டச் சொல்லலாம்? வரம்பு ஏதாவது இருக்கிறதா?

பொதுச் சாலை என்றால் பல நாடுகளில் தெளிவான வரம்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் நாளுக்கு 9 மணி நேரம் ஓட்டலாம். வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிட இடைவேளை கட்டாயம். வாரத்துக்கு 56 மணி, அடுத்தடுத்த இரண்டு வாரங்களுக்குச் சேர்த்து 90 மணி. அமெரிக்காவில் 10 மணி நேரம் ஓய்வெடுத்த பிறகு 11 மணி நேரம் ஓட்டலாம், அதையும் வேலை தொடங்கியதிலிருந்து 14 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பெரும்பாலான மாநிலங்களில், தனியாக ஓட்டுபவருக்கான சாதாரண விதி 24 மணி நேரத்தில் 12 மணி வேலை, தொடர்ச்சியாக 7 மணி ஓய்வு.

இந்த விதிகள் சுழற்சியின் வடிவத்தையே மாற்றிவிடும். ஐரோப்பாவில் ஒரு வார ஓய்வு முடிந்து ஆறு முழு நாட்களுக்குள் அடுத்த வார ஓய்வு தொடங்கியாக வேண்டும். எனவே சரக்கு லாரிக்கு ஏழு நாள் தொடர் ஓட்டம் அங்கே செல்லாது. நாலுக்கு நாலு போன்ற சுழற்சிதான் பொருந்தும். சுரங்கத்துக்குள் ஓடும் டிப்பர் பொதுச் சாலைக்கு வராததால் அதற்கு வேறு விதிகள். சேரும் இடத்தில் எந்த விதி பொருந்தும் என்று முதல் நாளே கேளுங்கள். ‘நம் இடத்தில் அதெல்லாம் இல்லை’ என்று பதில் வந்தால் அந்த வேலை வேண்டாம்.

பகல் ஷிஃப்டிலிருந்து இரவு ஷிஃப்டுக்கு மாறும்போது உடம்பு ஏன் இப்படிப் படுத்துகிறது?

உடம்புக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் நகரும். நாம் ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரம் நகர்த்தப் பார்க்கிறோம். ஏழு நாளில் பாதியைச் சற்றுத் தாண்டியிருக்கும், அதற்குள் சுற்று முடிந்து வீட்டுக்குப் போய்விடுவோம். இரவு ஷிஃப்ட் முழுவதும் பழகாத உடம்போடுதான் ஓட்டுகிறீர்கள் என்பதை ஏற்றுக்கொண்டு திட்டமிடுங்கள்.

அதிகாலை 2 முதல் 6 மணி வரைதான் மிகவும் ஆபத்தான நேரம். எத்தனை மணி நேரம் தூங்கி எழுந்து வந்திருந்தாலும் அந்த நேரத்தில் உடல் வெப்பம் தணிந்து, கண் சொக்கும். பிற்பகலிலும் சிறிய அளவில் இது வரும். முதல் இரவு ஷிஃப்டுக்கு முன் பிற்பகலில் ஒன்றரை மணி நேரமாவது தூங்கிவிடுங்கள். காலையில் எழுந்தவர் தூங்காமல் மாலை ஆறுக்கு வண்டி ஏறினால், அதிகாலை மூன்றுக்கு அவர் விழித்து இருபது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். 1997-ல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வு, 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று காட்டியது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான்.

பகலில் படுத்தால் தூக்கமே வருவதில்லை. என்ன செய்வது?

வெளிச்சத்தைத் தடுங்கள். ஷிஃப்ட் முடிந்து அறைக்கு வரும் வழியிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலை வெயில் கண்ணில் பட்டால் மூளை விடிந்துவிட்டது என்று முடிவெடுத்துவிடும். ஜன்னல் இடுக்கில் வரும் ஒரு கீற்று வெளிச்சம்கூட எழுப்பும். நான் அலுமினியத் தாளை ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிவிடுவேன். அறை குளிர்ச்சியாக இருக்கட்டும், போன் மௌனத்தில் இருக்கட்டும். ‘இந்த மணியிலிருந்து இந்த மணி வரை தூக்கம்’ என்று வீட்டில் சொல்லிவையுங்கள். ஒரே மூச்சில் ஏழு மணி நேரம் வராவிட்டால் ஐந்தும் இரண்டுமாகப் பிரித்துத் தூங்குவதும் பலன் தரும்.

தூக்கம் வந்தால் ஜன்னலைத் திறந்து, பாட்டைச் சத்தமாக வைத்தால் போதாதா?

போதாது. சில நிமிடங்கள் தெளிந்தது போல இருக்கும், அவ்வளவுதான். கண் திறந்தபடியே மூளை சில விநாடிகள் அணைந்துவிடும் குறுந்தூக்கம் என்று ஒன்று இருக்கிறது. வந்ததே நமக்குத் தெரியாது. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு 22 மீட்டர் போகும். நான்கு விநாடி என்றால் ஏறக்குறைய 90 மீட்டர், ஸ்டீயரிங்கில் ஆள் இல்லாமல்.

பலன் தருவது நிறுத்தித் தூங்குவது மட்டும்தான். 15 முதல் 20 நிமிடம் போதும். அதற்கு மேல் போனால் ஆழ்ந்த தூக்கத்தில் எழுந்து மந்தமாக இருக்கும். எழுந்ததும் உடனே வண்டியை எடுக்காமல் கீழே இறங்கி, டயர்களைப் பார்த்தபடி பத்து நிமிடம் நடங்கள்.

காபி?

உதவும், நேரம் அறிந்து குடித்தால். காஃபின் வேலை செய்ய 20 முதல் 30 நிமிடம் ஆகும். ஆகவே குட்டித் தூக்கத்துக்கு முன் குடித்துவிட்டுப் படுத்தால், எழும்போது இரண்டும் சேர்ந்து பலன் தரும். உடம்பில் சேர்ந்த காஃபினில் பாதி கழியவே சுமார் ஐந்து மணி நேரம் எடுக்கும். ஷிஃப்டின் கடைசி ஐந்தாறு மணி நேரத்தில் குடித்தால் அறைக்கு வந்து கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான்.

ஒரே வண்டியை இரண்டு பேர் மாறி மாறி ஓட்டுகிறோம். ஒப்படைக்கும்போது என்ன சொல்ல வேண்டும்?

நான் வீட்டில் இருக்கும் நாட்களில் என் வண்டி இன்னொருவரிடம் இருக்கிறது. திரும்பி வரும்போது அது நான் விட்டுப்போன வண்டியாக இருக்காது. இருக்கை, கண்ணாடிகள் அவர் உயரத்துக்கு மாறியிருக்கும். அது பெரிய விஷயம் இல்லை, நிமிடத்தில் சரிசெய்யலாம். பிரேக் மிதி கொஞ்சம் கூடுதலாக அமுங்குகிறது என்று அவருக்கு நாலு நாளாகத் தெரியும், எனக்குத் தெரியாது. அதுதான் ஆபத்து.

ஒரு நோட்டுப் புத்தகம் கேபினிலேயே இருக்கட்டும். பழுது பார்க்கக் கொடுத்தவை எழுத்தில் எங்காவது இருக்கும். ‘இடப்பக்கம் திரும்பும்போது ஒரு முனகல், ஏற்றத்தில் மட்டும்’ என்பது போன்றவை எதிலும் இருக்காது. அவற்றைத்தான் நோட்டில் எழுத வேண்டும். முதல் நாள் வண்டியைச் சுற்றிவரும்போது சக்கர நட்டுகளை உற்றுப் பாருங்கள். நட்டு தளர்ந்திருந்தால் அதன் அடியிலிருந்து ரிம்மில் மெல்லிய துருக்கோடு வெளிப்பக்கமாக இறங்கியிருக்கும். ஒருமுறை என் மாற்று ஓட்டுநர் நோட்டில் ‘பின் வலது, துரு, பார்’ என்று மூன்றே சொல் எழுதியிருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு நட்டுகளிலிருந்து கோடு இறங்கியிருந்தது. அன்று வண்டி பட்டறைக்குப் போனது, சாலைக்குப் போகவில்லை.

கடைசி ஷிஃப்ட் முடிந்ததும் நேராக வீட்டுக்குக் கிளம்பிவிடலாமா?

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: வேண்டாம். ஓய்வின் முதல் நாள் உங்களுடையது அல்ல, தூக்கத்துடையது. அந்த நாளை நான் வேலைநாளாகவே எண்ணுகிறேன்.

என் நான்காம் ஆண்டில், கடைசி இரவு ஷிஃப்ட் காலை ஆறு மணிக்கு முடிந்தது. மகளின் பிறந்தநாள். குளித்துவிட்டு என் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன், நான்கு மணி நேரப் பயணம். வெயில் ஏறிவிட்டது, விழிப்பாகவே இருப்பதாக நினைத்தேன். சரளைக்கல் காரின் அடிப்பாகத்தில் அடிக்கும் சத்தம் கேட்டுக் கண் திறந்தபோது கார் சாலையின் எதிர்ப்பக்க ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எதிரே வண்டி எதுவும் இல்லை. அது என் திறமையால் நடந்தது அல்ல. ஏழு இரவு பெரிய வண்டியைப் பாதுகாப்பாக ஓட்டியவன், எந்த விதியும் கேட்காத சொந்தக் காரில்தான் தவறினேன். அன்றிலிருந்து கடைசி இரவுக்குப் பிறகு முகாமிலேயே குறைந்தது ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் புறப்படுவேன். அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். பிற்பகல் வரை வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

என் கணவர் வீட்டுக்கு வந்தும் வராதது போலவே இருக்கிறார். முதல் இரண்டு நாள் பேச்சே இல்லை. எங்கள் மேல் கோபமா?

கோபம் இல்லை அம்மா. பகல் எது, இரவு எது என்று உடம்பு குழம்பிக் கிடக்கும் நேரம் அது. பன்னிரண்டு மணி நேரம் ரேடியோவில் இரண்டு சொல் மட்டுமே பேசிப் பழகிய வாய் திறக்கவும் நேரமாகும். இன்னொன்றும் உண்டு. அவர் இல்லாத நாட்களில் நீங்கள் எல்லாவற்றையும் நடத்தியிருக்கிறீர்கள். வந்தவருக்குத் தான் எங்கே பொருந்துவது என்று தெரியவில்லை. ஒன்று ஒதுங்கிப்போவார், இல்லையென்றால் திடீரென்று எல்லாவற்றையும் திருத்தத் தொடங்குவார். இப்படி வீட்டை விட்டுப் போய் வேலை செய்பவர்களின் மனச்சுமையை மேற்கு ஆஸ்திரேலியாவில் நாடாளுமன்றக் குழு ஒன்றே விசாரித்து 2015-ல் அறிக்கை தந்தது. உங்கள் வீட்டில் மட்டும் நடப்பது அல்ல இது.

எங்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு செய்தோம். முதல் நாள் முடிவெடுக்கும் பேச்சு எதுவும் கிடையாது. பள்ளிக் கட்டணமானாலும் உறவுச் சிக்கலானாலும் இரண்டாம் நாள்தான். சுவரில் ஒரு காலண்டர், அதில் இரண்டு வண்ணப் பென்சிலால் வேலைநாள், ஓய்வுநாள். வண்ணம் தீட்டும் பொறுப்பு மகளுக்கு. ‘எப்போது போவீர்கள்’ என்று வந்த அன்றே கேட்டுக்கொண்டிருந்தவள், காலண்டர் வந்த பிறகு அதைக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

ஆனால் இரண்டு நாள் மௌனம் ஏழு நாளும் நீடித்தால், தூக்கமும் பசியும் சுற்றுக்குச் சுற்று குறைந்தால், அதைக் களைப்பு என்று விட்டுவிடாதீர்கள். மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

லீவு எப்படிப் போட்டால் லாபம்?

ஒரு முழு வேலைச் சுற்றுக்குப் போடுங்கள். ஏழுக்கு ஏழில் ஏழு நாள் லீவு, முன்னும் பின்னும் உள்ள ஓய்வோடு சேர்ந்து 21 நாள் ஆகும். பதினான்குக்குப் பதினான்கில் 42 நாள்.

ஓய்வுநாட்களில் வேறு வண்டி ஓட்டிச் சம்பாதிக்கலாமா?

கடன் இருப்பவர்கள்தான் இதைக் கேட்கிறார்கள், அவர்களைக் கண்டிக்க எனக்கு மனம் வராது. ஆனால் நேர வரம்புள்ள நாடுகளில் இன்னொருவருக்கு ஓட்டிய நேரமும் கணக்கில் சேரும். ஒளித்தால் உரிமத்துக்கே ஆபத்து. அதைவிடப் பெரிய விஷயம், மேலே சொன்ன கணக்கு. மூன்று நாள் போக மிஞ்சும் நான்கு நாளையும் ஓட்டிக் கழித்தால், அடுத்த சுற்றின் முதல் நாளே ஏழாம் நாள் களைப்போடு ஏறுவீர்கள். ஸ்டீயரிங் பிடிக்காத வேலை ஏதாவது இருந்தால், அதுவும் ஓய்வின் கடைசி நாளைத் தொடாமல் இருந்தால், செய்யுங்கள்.

மாற்று ஓட்டுநர் வரவில்லை, இன்னும் இரண்டு நாள் இருந்துவிட்டுப் போ என்கிறார்கள். மறுத்தால் பெயர் கெடுமா?

ஒருமுறை உதவுவது மனிதத்தன்மை. நானும் இருந்திருக்கிறேன், என் தந்தை படுத்திருந்தபோது எனக்காகவும் ஒருவர் இருந்தார். ஆனால் சரி என்று சொல்வதற்கு முன் மூன்றைக் கேளுங்கள்: பொருந்தும் விதிக்குள் இன்னும் எத்தனை மணி நேரம் மீதி இருக்கிறது, இந்த இரண்டு நாளுக்கு ஈடான ஓய்வு எப்போது, இடையில் ஒரு முழு இரவுத் தூக்கம் கிடைக்குமா. பதிலை எழுத்தில் வாங்குங்கள், குறுஞ்செய்தியானாலும் போதும். விதி மீறினால்தான் முடியும் என்றால் முடியாது என்று சொல்லிவிடுங்கள். விபத்து நடந்தால் விசாரணையில் உங்கள் ஓட்ட நேரப் பதிவைத்தான் முதலில் எடுப்பார்கள், இருக்கச் சொன்னவரின் அவசரம் அதில் பதிவாகியிருக்காது.

எனக்கு வயது 46. குறட்டை அதிகம், சர்க்கரைக்கு மாத்திரையும் எடுக்கிறேன். தொடரலாமா?

பலர் தொடர்கிறார்கள், ஆனால் பரிசோதனைக்குப் பிறகு. பலத்த குறட்டை, இடையில் மூச்சுத் திணறி விழிப்பது, எட்டு மணி நேரம் படுத்தும் பகலில் சொக்குவது என்று மூன்றும் சேர்ந்தால் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோயாக இருக்கலாம். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. இரவில் காற்றழுத்தக் கருவி பொருத்தித் தூங்கத் தொடங்கிய என் சக ஓட்டுநர், ‘பத்து வருடம் கழித்து இப்போதுதான் விடிகிறது’ என்றார். கருவியை முகாமுக்கும் கொண்டுபோக வேண்டும்.

சர்க்கரை மாத்திரை உணவு நேரத்தோடு இணைந்தது. இரவு ஷிஃப்டில் உணவு நேரமே தலைகீழாகிறது. சுழற்சி அட்டவணையை மருத்துவரிடம் நேரில் காட்டி, பகல் ஷிஃப்டுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என மாத்திரை நேரத்தை எழுதி வாங்குங்கள். நீங்களாக மாற்ற வேண்டாம். சளி, ஒவ்வாமைக்கான சில மாத்திரைகள் தூக்கம் வரவழைக்கும் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

அண்ணா, நேற்று அதிகாலை ஒரு வளைவைக் கடந்ததே எனக்கு நினைவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வேலை போய்விடுமா?

தம்பி, என்னிடம் சொன்னாயே, அதுவே நல்ல தொடக்கம். குறுந்தூக்கம் பற்றி மேலே சொன்னது உனக்கு நடந்திருக்கிறது. அது உன் குணத்தின் குறை அல்ல. ஆனால் மறுநாளும் அதே நேரத்தில் வரும். இன்று இரவு அந்த வளைவுக்கு முன்பே நிறுத்தத் திட்டமிடு.

பலர் சொல்லத் தயங்குவது, என்ன வார்த்தையில் சொல்வது என்று தெரியாததால். ஆகவே வார்த்தைகளையும் தருகிறேன். வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் நிறுத்து, பார்க்கிங் பிரேக்கைப் போடு, ரேடியோவை எடு. ‘எனக்குத் தூக்கம் வருகிறது. வண்டியை நிறுத்திவிட்டேன். நிற்கும் இடம் இது. இருபது நிமிடம் கழித்து அழைக்கிறேன்.’ மன்னிப்பும் காரணமும் சேர்க்காதே. நேரத்தை நோட்டில் குறித்துக்கொள். இருபது நிமிடம் தூங்கி, இறங்கி நடந்த பிறகும் கண் சொக்கினால் மறுபடி ரேடியோவை எடுத்து, மாற்று ஆள் வேண்டும் என்று சொல். இதற்காக உன்னைக் கடிந்துகொள்ளும் இடமாக இருந்தால், நோட்டில் குறித்த நேரமும் தேதியும் உனக்குத் தேவைப்படும். பாதுகாப்பு அதிகாரியிடம் போகும்போது அந்தப் பக்கத்தைக் கொண்டுபோ.